அடையாளக் குறி இரண்டு

குமாரு, நீ அனுப்புன கவரு வந்து சேர்ந்துது. நான் நல்லாதான் கீறேன், கல்லாட்டம். நீ எப்படி கீறேனு கேக்க மாட்டேன், அது உன் எழுத்துலியே தெரியுது. ஒவ்வொரு எழுத்தும் கஞ்சி போட்ட சட்டையாட்டம் விறைச்சுகினு நிக்குது. உன் லெட்டர நானே எழுத்துக்கூட்டி படிச்சுக்குவேன், பதில் மட்டும் பழவேற்காட்டுல போஸ்ட்டாபீஸ்காரரு சம்சாரம் எழுதிக் குடுப்பாங்க. இந்த வாட்டி அவங்ககிட்ட போவல. மிஷன் இஸ்கூல்ல அஞ்சாவதோட நின்ன கை இது, கோணலா இருந்தா கோணலாவே படி. நாலு நாளா எழுதறேன். இத்த இன்னொருத்தி காதுல போட முடியாது, அதனாலதான். ஒரே மூச்சுல படிச்சு முடி. நடுவுல எழுந்து போயி டீ குடிக்காத.

ஃபாரத்த பாத்தேன். நீ இன்சூரன்சு ஏஜெண்டு ஆயிட்டியாம், மொத பாலிசி அம்மா பேர்லதானாம், பென்சில்ல பெருக்கல் போட்ட எடத்துல நான் கையெழுத்து போடணுமாம். 'அடையாளக் குறி இரண்டு'ன்னு ஒரு கட்டம் கீதே, அத்த மட்டும் என்ன பாக்காம உன்னால ரொப்ப முடியலயாம், எழுதி அனுப்புன்ற. அதோட, நம்ம குப்பத்துல பத்து பேர பேசி வெய்யி, ஞாயித்துக்கெழம வரேன்னு ஒரு உத்தரவு வேற. என்கூட பேசறதுக்கே இந்த ஊர்ல பத்து பேரு இல்லடா. அது உனக்குத் தெரியாது. சரி, அத்த வுடு. கடைசியில ஒண்ணு எழுதின பாரு. 'இந்த வேலைய வாங்கிக் குடுத்தவரு தனபால் சார். தங்கமான மனுஷன். நம்ம ஊரு பேர கேட்டதும் உன்னதான் விசாரிச்சாரு. உங்கம்மா கெட்டிக்காரி, ஒரு வாட்டி சொன்னா புடிச்சுக்குவாங்கன்னு சொன்னாரு.' படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துட்டுது. அடுப்புல மீனு கருகிப் போற வரைக்கும் சிரிச்சேன். அந்தாளு எனக்கு இன்னா சொல்லிக் குடுத்தான், நான் இன்னாத்த புடிச்சுகினேன்னு நீ கேட்டிருக்கவே மாட்ட. குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்னு உங்க நைனாவும் கேட்டதில்ல.

அப்ப உனக்கு ஏழு வயசு. எறாவுக்கு வெல வந்த காலம். அதுக்கு முன்னாடி எறாவ அள்ளிப் போட்டா நாய் கூட மோந்து பாத்துட்டு போயிடும். திடீர்னு ஐஸ் ஏத்திகினு லாரி வந்து நிக்க ஆரம்பிச்சுது. லாரி வந்தா பின்னாலியே எல்லாம் வரும். தவணைக்குப் பொடவ குடுக்கறவன் வந்தான், ரேடியோ விக்கறவன் வந்தான், அவனுங்க பின்னால தனபால் வந்தான். வெள்ள சட்ட, அக்குள்ல தோல்பை, பை நெறய காலண்டரு, டைரி. எழுதப் படிக்கத் தெரியாத ஊர்ல வீட்டுக்கு வீடு டைரி குடுத்த ஒரே மனுஷன் அவன்தான். நாங்க அத்த கிழிச்சு கருவாடு மடிச்சோம். ஊரே அவன டைரிக்காரர்னு கூப்புட்டுது. வந்தா தரையிலியே குந்துவான், குடுத்தத துன்னுவான், பசங்க பேரு அத்தினியும் ஞாபகம் வெச்சிருப்பான். எந்த வீட்டுப் பொம்பள எதுக்கு பயந்துகினு கீறானு அவனுக்கு மூக்குல வேர்த்துடும். என் பயம் இன்னானு அவன் மொத நாளே கண்டுபுடிச்சுட்டான். உங்க நைனா இருமறத கேட்டுகினே என் மூஞ்சியதான் பாத்துகினு இருந்தான்.

ஒடம்பு நல்லா கீதுனு டாக்டரு எழுதிக் குடுத்தாதான் பாலிசின்னு, ஒரு நாள் எங்கள பஸ் ஏத்தி பொன்னேரிக்கு இட்டுகினு போனான். நான், உங்க நைனா, வலைக்கு நைலான் நூலு வாங்கணும்னு கூடவே உன் சித்தப்பா தேசப்பன். டாக்டரு வீட்டுக்கு எதிர்ல டீக்கட. உங்க நைனா இருமுன இருமல்ல கிளாசுல இருந்த டீ பாதி வேட்டியில கொட்டிச்சு. தனபால் பேனாவ மூடி சட்டப்பையில சொருவிட்டான். "ஏழுமல, இது நடக்காதுபா. டாக்டரு நெஞ்சுல கொழாய வெச்சா கத கந்தலு"ன்னான். எழுந்து போயிருக்கலாம், போவல. இன்னொரு டீ சொல்லிட்டு எங்கிட்ட கேட்டான். "ஏம்மா, உங்க ஊர்ல பாடு வர்ற நாள்ல வீட்டுப் பெரியவனால போவ முடியலன்னா இன்னா பண்ணுவீங்க?"

நீ ஒம்போது வயசுலியே ஊர வுட்டுப் போனவன், உனக்கு பாடு மறந்திருக்கும். ஏரியில எந்த எடத்துல எந்த நாளு யாரு வல கட்டறதுனு ஊரு சீட்டுப் போட்டு முடிவு பண்ணும். அந்த மொறைக்குப் பேருதான் பாடு. லிஸ்ட்டுல வீட்டுப் பெரியவன் பேரு இருக்கும். அவனுக்கு முடியலன்னா தம்பி போயி நிப்பான், அண்ணன் பேர சொல்லி கூப்புட்டா தம்பி 'தோ'ன்னு வருவான், ஊரு ஒரு கேள்வி கேக்காது. வீட்டுக்கு ஒரு ஆளு, அவ்ளோதான் கணக்கு. எவன் நின்னா இன்னா? அத்ததான் நான் தனபாலுக்கு சொன்னேன். சொல்லிட்டு வாய மூடியிருக்கலாம். மூடல. "பாட்டுக்கு நிக்கறவன் இதுக்கு நிக்க மாட்டானா?"ன்னு கேட்டேன். தனபால் பெஞ்சில நல்லா சாஞ்சு குந்திகினு சிரிச்சான். "நான் ஒண்ணும் சொல்லலமா, நீதான் சொல்ற"ன்னான். இத்த எழுதிகினு இருக்கறப்ப கூட அந்தாளு சாமர்த்தியத்த நெனச்சா எனக்கு ஆச்சரியமாத்தான் கீது. அவன் வாயிலேர்ந்து ஒரு பொய்யி கூட வரல. எல்லாத்தையும் என் வாயாலியே சொல்ல வெச்சான்.

உள்ள 'ஏழுமலை'ன்னு கூப்ட்டாங்க. தேசப்பன் எழுந்து போனான். உங்க நைனா டீக்கட பெஞ்சில பீடி புடிச்சுகினு குந்தியிருந்தாரு. கொஞ்ச நேரங்கழிச்சு சித்தப்பா வேட்டிய இறுக்கிக் கட்டிகினே வெளிய வந்தான், மூஞ்சியெல்லாம் வெக்கம். "அண்ணே, கோமணத்த கூட வுடலண்ணே. கொடலெறக்கம் கீதானு பாக்கணுமாம், இருமு இருமுன்றான். நீ போயிருந்தீன்னா அதுல பஸ்ட்டு வந்திருப்ப"ன்னு அண்ணங்கிட்ட சொல்லி சிரிச்சான். நான் திரும்பி நின்னுகினு கேட்டேன், எனக்கும் சிரிப்பு அடக்க முடியல. நாலு பேரும் சிரிச்சோம். வரும்போது உனக்கு பொரி உருண்ட வாங்கினு வந்தோம். அன்னிக்கு அந்த டாக்டரு ஃபாரத்துல அடையாளம் ரெண்டு எழுதுனான். ஒண்ணு, முட்டியில கிளிஞ்சலு வெட்டுன தழும்பு. அது இந்த ஏரியில எறங்குன எல்லா ஆம்பளைக்கும் கீது. இன்னொண்ணு இன்னானு எங்க யாருக்கும் அன்னிக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. ஃபாரம் இங்கிலீஷ்ல இருந்துது. படிச்சுக் காட்டுனு கேக்கணும்னு எனக்குத் தோணல, அவனும் படிச்சுக் காட்டல.

இனிமே சொல்லப்போறதுக்கு நீ என்ன மன்னிக்க வேணாம். மன்னிச்சீன்னா உன்ன மாதிரி முட்டாள் ஒருத்தன் இல்லன்னு அர்த்தம். தனபால் ஒரு வார்த்த சொல்லி வெச்சிருந்தான். "ரெண்டு வருஷம் தாண்டிட்டா கவல இல்லமா, கேள்வி கேக்காம குடுத்துடுவாங்க. அதுக்குள்ள எதாச்சும் ஆனா ஆளு அனுப்பி விசாரிப்பாங்க. இன்னொண்ணு, ஆஸ்பத்திரி சீட்டுனு ஒண்ணு எங்கியாச்சும் இருந்துச்சு, அவ்ளோதான், பாலிசி காலி." பொன்னேரி கவர்மெண்டு ஆஸ்பத்திரியில இருமலுக்கு மருந்து சும்மா குடுத்தாங்கடா. நம்ம குப்பத்துலியே ரெண்டு பேரு வாங்கித் துன்னுட்டு எழுந்து நடந்தானுங்க, ஒருத்தன் இன்னும் உசிரோட கீறான். நான் உங்க நைனாவ இட்டுகினு போவல. 'வெறும் சளி, மொளகு ரசம் வெச்சுத் தரேன்'னு சொன்னேன். தனபால் குடுத்த காலண்டர்லியே நாள அடிச்சுகினு வந்தேன். இருபதாவது மாசம் ரத்தம் வந்துது. அப்பகூட இட்டுகினு போவல. பாயில குந்திகினு அந்தாளு தலைய புடிச்சுகினு நான் கேட்டது இன்னா தெரியுமா? "யோவ், இன்னும் நாலு மாசம் தாங்க மாட்டியாயா?" அவரு என்ன ஒரு பார்வ பாத்தாரு. திட்டல. "முடிஞ்சா தாங்கறேண்டி"ன்னாரு. சொன்ன சொல்ல காப்பாத்த பாத்தாருடா. மூணு மாசம் பத்து நாளு தாங்குனாரு. இன்னும் இருவது நாளுதான், அதுக்குள்ள போயிட்டாரேனு நான் அழுதேன். அடக்கத்துக்கு வந்தவங்க புருஷனுக்காக அழறேன்னு நெனச்சுகினாங்க. மருந்து கெடைக்கற தூரத்துல இருந்தும் அந்த மனுஷன சாக வுட்டது நான்தான். எமன் மேல பழி போட மாட்டேன், தனபால் மேலயும் இந்த ஒண்ண மட்டும் போட மாட்டேன்.

விசாரணைக்கு ஆபீசரு வர்றாருனு முந்தின நாளு சாயங்காலம் தனபால் வந்தான். ஐஸ் வெக்கிற ஷெட்டுக்குப் பின்னால என்னையும் தேசப்பனையும் நிக்க வெச்சான். டாக்டருகிட்ட போனது செத்தவருதானானு ஆபீசரு அடையாளத்த வெச்சு கேப்பாருன்னான். பையிலேர்ந்து பேப்பர எடுத்து அப்பதான் அந்த ரெண்டாவது அடையாளத்த படிச்சான். அடிவயித்துக்குக் கீழ எடது பக்கம், கோமணம் மறைக்கற எடத்துல, சுட்ட தழும்பு, எட்டணா அகலம். சின்னப் பையனா இருந்தப்ப படகுக்கு தாரு காய்ச்சற எடத்துல தேசப்பன் மேல தெறிச்சது அது. "எம்மா, உன்னப் பொய்யி சொல்ல சொல்லல. ஃபாரத்துல எழுதியிருக்கறத சொல்லு"ன்னான். அந்தப் பேமானி மூணு வாட்டி சொல்ல வெச்சான். எடது பக்கம், எட்டணா அகலம். எடது பக்கம், எட்டணா அகலம். நான் மொத வாட்டியிலியே சரியா சொன்னேன், அதத்தான் உங்கிட்ட கெட்டிக்காரினு சொல்லியிருக்கான். தேசப்பன் தரையையே பாத்துகினு நின்னான். "அண்ணி, வேணாம் அண்ணி, எனக்கு ஒரு மாதிரி கீது"ன்னான். அதுக்கு தனபால், "வேணாம்னா வேணாம்பா. ஆள் மாறாட்டத்துக்கு ஜெயிலு எத்தினி வருஷம்னு எனக்கு சரியா தெரியல, விசாரிச்சு சொல்றேன்"னான். நான் கொழுந்தன பாத்து, "உங்க அண்ணன் புள்ள படிக்க வேணாமா?"னு கேட்டேன். அவன் சரின்னான். அவன் எல்லாத்துக்கும் சரின்றவன், அதுதான் அவனப் புடிச்ச சனியன்.

ஆபீசரு தனியாத்தான் கேப்பாரு, ரெண்டு வார்த்தையில முடிஞ்சுடும்னு தனபால் சொல்லியிருந்தான். ஆனா அவனுக்கு நம்ம ஊரு அவ்ளோதான் தெரியும். ஆபீசரு நல்ல மனுஷன். என்ன ஓரமா கூப்ட்டாரு. ஊர்த் தலைவரு குறுக்க வந்தாரு. "சார், வெளியூரு ஆம்பள எங்க ஊரு பொம்பளைய தனியா நிறுத்தி கேள்வி கேக்கறது இங்க வழக்கமில்ல. அதுவும் தாலியறுத்தவ. இன்னா கேக்கறதா இருந்தாலும் கோயில் முன்னாடி, எல்லாரு எதுர்லயும் கேளுங்க. எங்க பொண்ணுக்கு நாங்க கீறோம்"ன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. ஊரே கூடிச்சு. என்ன காப்பாத்தறதுக்குத்தான் கூடிச்சு. ஆபீசரு பேப்பர பாத்து தயங்கித் தயங்கி, "உங்க வீட்டுக்காரர் உடம்புல அடையாளம் ஏதாவது..."ன்னு இழுத்தாரு. நான் உன்ன ஒரு வாட்டி பாத்தேன். நீ கோயில் மண்ணுல மூக்க ஒழுக்கிகினு வெளையாடிகினு இருந்த. சொன்னேன். எடம் சொன்னேன், அளவு சொன்னேன், தாருன்னும் சொன்னேன். ஆம்பளைங்க தலைய குனிஞ்சுகினாங்க. அப்பால ஆபீசரு தேசப்பன் பக்கம் திரும்பி, "நீங்கதான் அண்ணன குளிப்பாட்டுனது? அந்தத் தழும்பு இருந்துச்சா?"ன்னாரு. "இருந்துச்சு சார்"னான்.

அப்பதான் கஸ்தூரிய பாத்தேன். தேசப்பன் பொண்டாட்டி, உன் சித்தி, என் ஓரகத்தி. இடுப்புல சின்னவள வெச்சுகினு பொம்பளைங்க நடுவுல நின்னுகினு இருந்தா. புருஷன் ஒடம்புல அவ ஒருத்தி மட்டும் பாக்கற எடத்த, ஊர் நடுவுல நான் அளந்து சொல்லிகினு கீறேன். அவ புருஷன் பக்கத்துல நின்னுகினு ஆமான்றான். ஒரு வார்த்த அவ வாயத் தொறந்திருந்தா போதும், 'அது என் புருஷனுக்கு கீற தழும்பு'ன்னு சொல்லியிருந்தா துட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல, நான் ஜெயில்ல களி துன்னிருப்பேன். தொறக்கல. வெளியாளு எதுர்ல குடும்ப மானத்த கூறு போடக்கூடாதுனு பல்ல கடிச்சுகினு நின்னா. இத்த நல்லா கேட்டுக்க. உன் படிப்புக்கு துட்டு குடுத்தது இன்சூரன்சு இல்ல, உங்க நைனா சாவும் இல்ல. அந்தக் கா மணி நேரம் கஸ்தூரி வாய மூடிகினு இருந்தா பாரு, அதுதான். ஆபீசரு ஏறுன பஸ்சு மண்ணு கெளப்பிகினு போயி மறைஞ்சப்புறம்தான் எங்கிட்ட வந்தா. "அக்கா, என் புருஷன் ஒடம்புல கீற தழும்ப நீ எப்பக்கா பாத்த?"ன்னா. அவ்ளோதான் கேட்டா. எங்கிட்ட பதில் இருந்துது, ஊரு எதுர்ல சொல்ல முடியல. சொன்னா ஜெயிலு. பக்கத்துல எவளோ கூடையோட வெச்சிருந்த அலுமினியத் தட்ட கஸ்தூரி எடுத்து என் மூஞ்சிய பாத்து வீசுனா.

அன்னிக்கு ராத்திரியே தேசப்பன் அவகிட்ட உண்மைய சொல்லிட்டான். அவ கேட்டுட்டு, "நல்லா கத கட்டுனீங்க. உன் ஒடம்ப எவனாச்சும் அண்ணன் ஒடம்புனு எழுதிக்குவானா? கவர்மெண்டு டாக்டருக்கு கண்ணு இல்லியா?"ன்னாளாம். அவ கேட்டதுல இன்னா தப்பு? உண்மைய விட பொய்யிதான் நம்பறாப்பல இருந்துது. ரெண்டு பொண்ணையும் இட்டுகினு ஆரம்பாக்கத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா, திரும்பி வரல. ஊரு எங்க வீட்டுப் பேர பாடு லிஸ்ட்டுலேர்ந்து அடிச்சுது. ரெண்டு வருஷங்கழிச்சு தேசப்பன் அபராதம் கட்டி கோயில்ல வெளக்கேத்துனான், அவன சேத்துகினாங்க. ஆம்பளைக்கு அபராதம், பொம்பளைக்கு ஆயுசு. இன்னிக்கும் இதே தெருவுலதான் கீறான். ஒண்டியா பொங்கித் துன்றான். எதுர்ல வந்தா என்ன பாக்க மாட்டான், ஓரமா ஒதுங்கி நின்னு வழி வுடுவான். எனக்கு அவன் மேல இரக்கம் கூட மீதி இல்ல. அத்தினியும் நான் எனக்கே வெச்சு செலவு பண்ணிட்டேன்.

உன்ன ஹாஸ்டல்ல சேத்தது படிக்கறதுக்குனு நீ எல்லாருகிட்டயும் பெருமையா சொல்லிகினு கீற. இல்ல. நீ ஒரு நாள் வெளையாடிட்டு வந்து, "சித்தப்பாதான் என் நைனாவாமே, பசங்க சொல்றானுங்க"ன்னு கேட்ட. ஒம்போது வயசு முடிஞ்சு பத்து நடக்குது. உன்ன தொடப்பக்கட்ட பிய்யற வரைக்கும் அடிச்சேன், ஞாபகம் கீதா? மறுவாரமே துணிமூட்டையோட உன்ன பொன்னேரியில வுட்டுட்டு வந்தேன். நீ ஜன்னல் கம்பிய புடிச்சுகினு 'அம்மா அம்மா'ன்னு கத்துன. நான் திரும்பியே பாக்கல. திரும்பிப் பாத்தா உன் மூக்கு உங்க நைனா மூக்கா, அவரு தம்பி மூக்கான்னு நானே தேட ஆரம்பிச்சுடுவேனோனு பயம். எந்தத் தப்பும் பண்ணாதவளுக்கே அந்த பயம் வந்துதுன்னா, ஊரு பேசறதுக்கு எவ்ளோ பலம் கீது பாத்துக்க. ரெண்டு பேரு மூக்கும் ஒண்ணுதான்டா. அண்ணன் தம்பி.

கஸ்தூரிய ஒரே ஒரு வாட்டி பாத்தேன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. பொன்னேரி சந்தையில நான் கருவாட்டுக் கூடையோட குந்தியிருந்தேன், அவ மொளகா வாங்க வந்தா. தல நரச்சுப்போச்சு அவளுக்கு. கையப் புடிச்சு குந்த வெச்சு ஆதியோட அந்தமா சொன்னேன். டீக்கட, டாக்டரு, கொடலெறக்கம், ஐஸ் ஷெட்டு, மூணு வாட்டி சொல்ல வெச்சது, எல்லாம். சாமி மேல சத்தியம் பண்ணேன், உன் மேலயும் பண்ணேன். பொறுமையா கேட்டா. கேட்டுட்டு சொன்னா, "அக்கா, நீ சொல்றது நெசமாவே இருக்கலாம். ஆனா நான் இத்த நம்பிட்டேன்னு வெய்யி, இத்தினி வருஷம் புருஷன வுட்டுட்டு, ரெண்டு பொண்ண வெச்சுகினு நான் அழுததெல்லாம் எதுக்குனு ஆயிடும். அதனால நம்ப மாட்டேன்." மொளகா பைய எடுத்துகினு எழுந்து போயிட்டா. அன்னிக்கு நான் கருவாடு விக்கல. அப்படியே கூடையோட பஸ் ஏறுனேன்.

இப்ப உன் தொழிலுக்கு வரேன். தனபாலுகிட்ட வேல செய்யாதன்னு சொல்ல எனக்கு யோக்கியத இல்ல. அந்தத் துட்டுலதான நீ வளர்ந்த. ஆனா ஏஜெண்டுனா இன்னானு டை கட்டச் சொல்லிக் குடுத்தவன் உனக்கு சொல்லியிருக்க மாட்டான், அவங்கிட்ட மாட்டுனவ நான் சொல்றேன். 'கவலப்படாத, நான் பாத்துக்கறேன்'னு சொல்ற ஏஜெண்டு எவனையும் நம்பக்கூடாது, நீயும் எவளுக்கும் அத்த சொல்லாத. 'இது நடக்காது, வீட்டுக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போ'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவன்தான் ஏஜெண்டு. அன்னிக்கு அந்த டீக்கடையில தனபால் அத்த சொல்லியிருந்தா எனக்கு பாலிசி இருந்திருக்காது, புருஷன் இருந்திருப்பான். ஃபாரத்த கையெழுத்துக்கு முன்னாடி ஒரு எழுத்து வுடாம தமிழ்ல படிச்சுக் காட்டு. அவங்க தூங்கி வுழுந்தாலும் எழுப்பி உக்கார வெச்சு படி. ஒடம்புல இருமல் கீதானு கேட்டா கீதுனு எழுது. இருமறவன் வீட்டுக்குப் போனா, அவன் பொண்டாட்டி மூஞ்சிய பாக்காத, அவன் மூஞ்சிய பாரு. எவளாச்சும் என்ன மாதிரி ஒருத்தி குறுக்கால பூந்து, 'இவனுக்கு பதிலா அவன் நிக்கலாமா'ன்னு கேட்டா, அங்கியே பைய தூக்கிகினு எழுந்துடு. அவ கெஞ்சுவா, கால்ல வுழுவா, உன் வயித்துல அடிச்சுட்டுப் போறியேனு சாபம் குடுப்பா. குடுக்கட்டும், வாங்கிக்க.

பத்து பேர நான் பேசி வெக்கல. நீ ஞாயித்துக்கெழம வரணும்னா தனபாலையும் கூட்டிகினு வா. அதே கோயில் முன்னாடி நின்னு, அன்னிக்கு ஐஸ் ஷெட்டுக்குப் பின்னால எனக்கு இன்னா சொல்லிக் குடுத்தான்னு ஊருக்குச் சொல்லட்டும். வர மாட்டான். வரலன்னா நீ இன்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியல. உன்ன வளர்த்தது நான் இல்லியே, ஹாஸ்டலு.

ஃபாரத்துல கையெழுத்து போட்டுட்டேன். நாமினின்ற கட்டத்துல உன் பேர நீயே எழுதி வெச்சிருந்த, அத்த அடிச்சுட்டேன். கஸ்தூரின்னு எழுதியிருக்கேன், உறவுன்ற எடத்துல ஓரகத்தினு போட்டிருக்கேன். அடிச்சு எழுதுனா ஆபீசுல ஒத்துக்க மாட்டாங்கன்னா புதுசா ஒரு ஃபாரம் எடுத்து இதே மாதிரி எழுது. அடையாளம் கேட்டிருந்தியே, எழுதிக்க. ஒண்ணு, வலது புருவத்துக்கு மேல வெட்டுத் தழும்பு, ஒரு வெரலு நீளம். அலுமினியத் தட்டு. ரெண்டு, வலது முட்டியில கிளிஞ்சலு வெட்டுன தழும்பு, அது ஊருக்கே கீறது.

நான் செத்தப்புறம் அந்தத் துட்ட நீ தபால்ல அனுப்பக் கூடாது. கஸ்தூரிய ஆரம்பாக்கத்துலேர்ந்து இங்க கூட்டிகினு வந்து, கோயில் முன்னாடி நிக்க வெச்சு, ஊரு எதுர்ல நீ கேக்கணும். செத்தவ மூஞ்சில அடையாளம் ஏதாவது இருந்துச்சா, அது எப்படி வந்துதுன்னு. ஆபீசுல கேக்கச் சொல்லலன்னாலும் நீ கேளு, நீதான ஏஜெண்டு. ஓரமா தனியா கூப்ட்டு கேக்காத. அவ சொல்லுவா. அவளுக்கு முந்தின நாளு யாரும் வந்து சொல்லிக் குடுக்க வேணாம்.

அம்மா